இரண்டாம் மாதம் எடை ஏறியதா?

வணக்கம் நேயர்களே.

வீட்டில் ஒருவருக்கு டி.பி., அதாவது காசநோய், என்று தெரிந்ததும் மாத்திரைக்கு முன்னால் ஆரம்பிப்பது பத்தியம். முட்டை சூடு. மீன் ஆகாது. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பித்தம். தயிரும் வாழைப்பழமும் குளிர்ச்சி, சளி கட்டும். ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தி, கடைசியில் ரசஞ்சோறுதான் மிஞ்சும். அப்புறம், "மாத்திரையெல்லாம் ஒழுங்காத்தான் போடுறான், ஆனா தேற மாட்டேங்குறானே டாக்டர்" என்று அம்மா வந்து நிற்பார். கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம், பண்ருட்டிப் பக்கத்துக் கிராமங்கள், எங்கிருந்து வந்தாலும் இதே பேச்சுத்தான். அந்தப் பத்தியத்துக்கு எதிராகப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன், அதுவும் மருந்துக்கு அடங்காத டி.பி.யை வைத்து.

ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின். டி.பி.க்கு முதுகெலும்பான இந்த இரண்டு மருந்துக்கும் அசையாத கிருமியைத்தான் ஆஸ்பத்திரியில் எம்.டி.ஆர். என்கிறார்கள். முன்பெல்லாம் இதற்கு ஒன்றரை வருஷத்துக்கு மேல் வைத்தியம். கூடவே ஊசி. அந்த ஊசியால் சிலருக்குக் காது மந்தமானதும் உண்டு. 2024இல் நான்கு மருந்து சேர்ந்த ஆறு மாத முறைக்கு நம் அரசு அனுமதி தந்தது. ஊசியே கிடையாது. பெரிய நிம்மதி. ஆனால் இந்த மருந்துகளும் லேசுப்பட்டவை அல்ல. குமட்டும், வாய் கசக்கும், சோற்றைக் கண்டாலே வெறுப்பு வரும். ஏற்கெனவே காய்ச்சல் தசையைக் கரைத்து வைத்திருக்கிறது. இளைத்த உடம்பில் எதிர்ப்புச் சக்தி ஏது? அது இல்லாவிட்டால் மருந்து ஒற்றைக் கையால் சண்டை போட வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். எனக்குப் பிடித்த கதை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1956. அந்தக் காலத்தில் காசம் என்றால் சானடோரியம், காசநோயாளிகள் மாதக்கணக்கில் தங்கும் ஆஸ்பத்திரி. நல்ல காற்று, படுக்கை, பால், முட்டை. ஏழைக்கு அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்போது சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். நம் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் எல்லாரும் அதில் கூட்டு. ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குச் சானடோரியம். இன்னொரு பிரிவு குடிசையிலேயே இருந்து, கிடைத்ததைச் சாப்பிட்டு, மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு போக வேண்டும். மாத்திரை இருவருக்கும் ஒன்றே. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாக எடை போட்டிருந்தார்கள். ஆனால் நோய் குணமான கணக்கில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசமில்லை! 1959இல் முடிவு அச்சானது. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்தச் சென்னை ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. வீட்டில் இருந்தபடியே குணமாகலாம் என்று காட்டியது எத்தனை பெரிய காரியம்!

ஆனால் அதோடு இன்னொரு நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டது. 'மாத்திரை போதும், சாப்பாடு எப்படியிருந்தால் என்ன' என்கிற நம்பிக்கை. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் முன்பு மருந்தே சாப்பிடாத புது நோயாளிகள், மருந்துக்கு அடங்குகிற கிருமிதான் பெரும்பாலும். நான் பேசுவதோ மருந்துக்கு அடங்காத கிருமியைப் பற்றி. அதையும் இதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

வேடிக்கை என்னவென்றால், அதே சேத்துப்பட்டு மையம்தான் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அவர்களும் சேர்ந்து ஜார்க்கண்டில் ஓர் ஆய்வு நடத்தினார்கள், 2023இல் வெளிவந்தது. நோயாளிக்கு மாதா மாதம் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் கொண்ட பை. சாதாரணக் காசத்துக்கு ஆறு மாதம், எம்.டி.ஆர். என்றால் ஒரு வருஷம். அங்கே நோயாளிகளில் ஐந்துக்கு நான்கு பேர் எலும்பும் தோலுமாக வந்தவர்கள். முதல் இரண்டு மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதம் ஏறியவர்களுக்குச் சாவு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. 5 சதவீதம் என்றால் எவ்வளவு? 40 கிலோ ஆளுக்கு வெறும் இரண்டு கிலோ!

அதனால்தான் எடை மிஷின், எடை மிஷின் என்று போகிற இடமெல்லாம் சொல்கிறேன். எக்ஸ்ரே வருஷத்துக்கு ஒருமுறை வரும் உறவுக்காரர் மாதிரி. எடை மிஷினோ தெருவிலேயே இருக்கிறது. முதல் நாள் எடையைக் குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை பாருங்கள். இரண்டாம் மாதம் ஏறவில்லையா? அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். டி.பி. மருந்துகள் பலவற்றின் அளவே எடையை வைத்துத்தான்.

சரி, என்ன சாப்பிடுவது? 40 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 50, 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு கைப்பிடி மல்லாட்டையில் 7. டப்பா பவுடர் வாங்கக் கடன் வாங்காதீர்கள். கேழ்வரகுக் கூழில் பொட்டுக்கடலை மாவு ஒரு கரண்டி, சோற்றில் எண்ணெய் ஒரு கரண்டி, குழம்பில் மத்தி மீன். மூன்று வேளைக்கு முடியவில்லையா, ஆறு வேளையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குமட்டல் பெரும்பாலும் மாத்திரை போட்ட பிறகுதான், அதனால் பசி இருக்கிற வேளையைப் பார்த்துப் பெரிய சாப்பாட்டை அப்போது வையுங்கள். அந்த ஆறு மாத முறையின் நான்கு மருந்தில் ஒன்றான பெடாகுவிலின் மாத்திரையை வெறும் வயிற்றில் போடவே கூடாது. சாப்பாட்டோடு போட்டால் அது உடம்பில் ஏறுகிற அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. விடியற்காலையில் வலைக்குப் போகிறவர்கள் டீயோடு விழுங்கிவிட்டுப் போகிறார்கள். இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும், ஐயா.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த நான்கில் இன்னொன்றான லினசோலிட் சாப்பிடுகிறவர்கள் கருவாட்டைத் தள்ளி வையுங்கள், ரத்த அழுத்தம் ஏறலாம். சாராயம் வேண்டவே வேண்டாம். இரும்புச் சத்து மாத்திரை, அல்சர் மருந்து, இவற்றை டி.பி. மாத்திரையோடு சேர்த்து விழுங்காதீர்கள், எத்தனை மணி இடைவெளி என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் வீட்டிலிருப்பவர்கள். அதே ஜார்க்கண்டில் குடும்பத்தாருக்கும் அரிசி, பருப்பு கொடுத்தார்கள், அவர்களுக்குப் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. அதனால் நோயாளிக்குத் தனி முட்டை வைத்துவிட்டுப் பிள்ளைகளை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க விடாதீர்கள், அவர்களுக்கும் வையுங்கள். தட்டைப் பிரித்து வைக்கத் தேவையில்லை, தட்டால் ஒட்டாது. 2024 நவம்பரிலிருந்து நோயாளியின் சாப்பாட்டுக்கென்று அரசு தருவது மாதம் 1000 ரூபாய். பேங்க் கணக்கு நம்பரைச் சரியாகக் கொடுத்திருக்கிறீர்களா என்று ஆஸ்பத்திரியில் பாருங்கள், பணம் வந்ததும் சமைக்கிறவர் கையில் கொடுங்கள். மிச்சத்தை உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வணக்கம்.