தைத்துக் கொடுக்கும் போர்வை

வானொலி நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கிற போர்வை பற்றி இன்று கதைக்கப் போகிறேன். குவில்ட், பட்ச்வேர்க் போர்வை என்றெல்லாம் சொல்கிறோமே, அதுதான். அதிலும், நமக்கு வேண்டிய ஒருவருக்கென்று கையால் தைத்துப் பரிசாகக் கொடுக்கிற போர்வை.

கொழும்பு வெக்கைக்குப் போர்வை எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மின்விசிறிக்குக் கீழே படுக்கிறவர்களும் விடியப்புறம் ஒரு துணியைத் தேடி இழுத்துக்கொள்கிறார்கள். வெள்ளவத்தை மாடி வீடுகளில் ஏசி போட்டு நித்திரை கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் நமக்குச் சொந்தங்கள் உண்டு. ரொறன்ரோவிலும் லண்டனிலும் யாராவது இல்லாத வீடு நம்மிடையே குறைவு.

எங்கள் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. பரிசு நல்லதாக இருந்தால் அது பொலித்தீன் பையோடு அலுமாரிக்குள் போய்விடும். 'விசேசத்துக்கு எடுப்போம்' என்பார்கள். அந்த விசேசம் வரவே வராது. மாதக்கணக்காகத் தைத்த போர்வைக்கு அந்தக் கதி நேர்ந்தால் எனக்கு மனம் பொறுக்காது. போர்வை தினமும் போர்த்து, கசக்கி, காயப்போட்டு, மறுபடி போர்த்துவதற்கு. அப்படிப் பாவிக்கத்தக்கதாக அதைத் தைப்பது நம் பொறுப்பு.

முதலில் துணி. பல முறை தோய்த்த பருத்திச் சீலையை விட இதற்கு நல்ல துணி கிடையாது என்பது என் எண்ணம். வங்காளத்துக் காந்தா போர்வைகள் அப்படிப் பிறந்தவைதான்: பழைய சீலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முழுக்க நூலோடி, சில வேளை கரையிலிருந்து உருவிய நூலையே தைக்கவும் பயன்படுத்தினார்கள். நம் வீடுகளில் பிள்ளைக்கு ஏணை கட்டுவதற்கு அம்மம்மாவின் பழைய சீலையைத்தானே தேடுகிறோம்? அதன் மென்மை புதுத் துணியில் வராது.

கணக்கையும் பாருங்கள். ஒரு சீலை ஆறு யார், அதாவது 18 அடி. மூன்றாக வெட்டினால் ஆறடித் துண்டுகள் மூன்று. அகலம் 44, 45 அங்குலம் இருக்கும். இரண்டு துண்டுகளைப் பக்கத்தில் பக்கமாக இணைத்தால், இரட்டைக் கட்டில் போர்வைக்கு அடித்துணி தயார். மூன்றாவது துண்டில் ஓரப்பட்டி வெட்டலாம். ஆனால் வெட்டுவதற்கு முன் சீலையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குதிக்கால் படுகிற கீழ்க்கரைப் பக்கம் நைந்திருந்தால் அந்த இடத்தைத் தயங்காமல் விட்டுவிட வேண்டும். முந்தானைப் பக்கம் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும்.

அப்பாமாரின் சாரத்தையும் மறந்துவிடாதீர்கள். மருதமுனைக் கைத்தறிச் சாரம் கிடைத்தால் விடவே கூடாது. அதன் கட்டங்களே கோடு போட்டுத் தருவதால் அடிமட்டமும் சோக்கும் இல்லாமல் நேராக வெட்டலாம். வீட்டில் துணி போதாவிட்டால் புறக்கோட்டை இருக்கிறது, மகரகம பக்கம் பாமுனுவ இருக்கிறது. வெட்டுத்துண்டு வாங்கும்போது பருத்தியைப் பருத்தியோடு மட்டும் சேருங்கள். வழுக்குகிற நைலெக்ஸ் போன்ற செயற்கைத் துணிகளை இதில் கலந்தால் தையல் இழுபடும்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றார்கள். இங்கே கசக்கித்தான் வெட்டவும் வேண்டும். புதுப் பருத்தி முதல் தோய்ப்பில் சுருங்கும். தோய்க்காத துணியைப் பழைய சீலையோடு சேர்த்துத் தைத்தால், பரிசு வாங்கியவர் முதல் தடவை தோய்த்ததும் ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் தொங்கும். கடும் சிவப்பு, கருநீலம் என்றால் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால், ஒட்டாமல் வரும்வரை தனியாகத் தோயுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பதை நம்ப வேண்டாம்.

மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் என்ன வைப்பது? கொழும்பில் இருக்கிறவருக்கு என்றால் எதுவும் வேண்டாம், அல்லது ஒரு பழைய பருத்திப் பெட்சீட் போதும். கடையில் கிடைக்கும் பொலியெஸ்டர் வாடிங்கை, அதாவது விரிப்புப் போன்ற செயற்கைப் பஞ்சை, இங்கே வைத்தால் போர்த்தவர் வியர்த்துக் கொட்டித் தூக்கி எறிவார். குளிர்நாட்டுக்குப் போகிற போர்வைக்கு மட்டும் அதை வையுங்கள்.

தையலுக்கு வருவோம். சிங்கர் நிறுவனம் இலங்கையில் தொழில் தொடங்கியது 1877இல். இன்றைக்கும் எத்தனையோ வீடுகளில் பழைய கால்மெசின் ஒன்று ஓர் ஓரமாக நிற்கிறது. துண்டுகளை இணைப்பதற்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கால் அங்குலம் விட்டுத் தைத்தால் சரி. ஆனால் அடுக்குகளைச் சேர்த்து நூலோடுவதைக் கையால் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். நூலை முழங்கை நீளத்துக்கு மேல் எடுக்காதீர்கள், சிக்கிக்கொள்ளும். முடிச்சு வெளியே தெரியக்கூடாது: ஊசியைத் தொடங்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளிக் குத்தி, தொடங்கும் இடத்தில் எடுத்து, நூலை மெதுவாகச் சுண்டினால் முடிச்சு 'டப்' என்று மேல்துணிக்குள் புகுந்து அடுக்குகளுக்கு நடுவே நின்றுவிடும். எத்தனை தோய்ப்புக்கும் அது அவிழாது. பழந்துணி என்றால் வரிசைக்கு வரிசை அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். நைந்த துணியைத் தாங்கிப் பிடிப்பது அந்த நூல்தான்.

பழந்துணியில் தைத்ததைப் பரிசாகக் கொடுக்கலாமா என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். கலியாணத்துக்கு என்றால் அவர்கள் பக்கம் நிற்பேன். புதுத் துணியிலேயே தையுங்கள், ஒருவர் மனமும் நோகக்கூடாது. மற்றபடி, ஒட்டுத்துணி தாழ்வு என்ற நினைப்பை நான் ஏற்கவில்லை. நம்மைச் சுற்றியுள்ள பௌத்த மக்கள் பிக்குகளுக்குப் பக்தியோடு கொடுக்கிற 'கடின சீவரம்' என்ற காவி உடை துண்டுகளாக வெட்டி இணைத்துத் தைப்பதுதான். மகத நாட்டு வயல் வரம்புகளைப் பார்த்து, அதைப்போலத் தைக்கும்படி புத்தர் ஆனந்தரிடம் சொன்னதாக பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய நூல் கூறுகிறது.

இறந்தவரின் உடுப்பில் தைப்பது வேறு விசயம். காரியம் முடிந்தபின் அந்த உடுப்புகளை வீட்டில் வைத்திருக்க விரும்பாத குடும்பங்கள் உண்டு. அதனால் கேட்காமல் கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம். கேட்டு, அவர்கள் சம்மதித்தால், அதைவிடப் பெரிய பரிசு எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற கறுப்பின மக்களின் சிற்றூர் இருக்கிறது. அங்கே மிசூரி பெட்வே என்ற பெண் 1942இல் தன் கணவர் இறந்தபின், அவருடைய வேலை உடுப்புகளைக் கிழித்து ஒரு போர்வை தைத்தார். போர்த்துக்கொண்டு படுப்பதற்கென்றே தைத்தார். அந்த ஊர்ப் பெண்களின் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆனால் அவை பிறந்தது குளிருக்காக.

பாடசாலை முடித்து வெளிநாடு போகிற பிள்ளைக்கு என்றால் ஒரு யோசனை சொல்கிறேன். கடைசி நாளில் கூட்டாளிகள் எல்லோரும் வெள்ளைச் சட்டையில் கையெழுத்துப் போட்டுவிடுவார்களே, அந்தச் சட்டையை எடுத்துவையுங்கள். பேனை மை தோய்ப்பில் மங்கும். அதனால் தோய்ப்பதற்கு முன்பே ஒவ்வொரு கையெழுத்தின் மேலும் நிற நூலால் தைத்துவிட்டு, பிறகு சதுரமாக வெட்டிப் போர்வையின் நடுவில் வையுங்கள்.

கைக்குழந்தைக்குத் தைக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒரு வயது ஆகும்வரை நித்திரை கொள்ளும் பிள்ளைக்குப் போர்வை போர்த்தக் கூடாது. முகத்தை மூடி மூச்சு முட்டலாம். விழித்திருக்கும்போது, பக்கத்தில் நீங்கள் இருக்க, நிலத்தில் விரித்துப் பிள்ளையைக் குப்புற விட்டு விளையாடவிடுவதற்குக் கொடுங்கள். பொத்தான், மணி, ரிப்பன் எதுவும் அதில் தைக்க வேண்டாம்.

கொடுக்கும்போது பின்பக்க மூலையில் சிறு வெள்ளைத் துண்டில் யார், யாருக்கு, எந்த ஆண்டு என்று தைத்துவிடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் தோயுங்கள், நிழலில் காயவிடுங்கள், மழைக்காலத்தில் ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்று வாயாலேயே சொல்லிவிடுங்கள். இன்று இரவே விரித்துப் படுங்கள் என்றும் சொல்லுங்கள். அப்புறம், மிச்சத் துணியில் ஒரு கைப்பிடியாவது உங்களிடம் வைத்திருங்கள். எங்காவது கிழிந்தால் கொண்டுவாருங்கள், தைத்துத் தருகிறேன் என்று சொல்லிக் கொடுத்தால், அவர்கள் பயமில்லாமல் பாவிப்பார்கள்.

தைப்பொங்கலுக்குக் கொடுக்க நினைக்கிறவர்கள் துணியைத் தோய்த்து வைக்கும் வேலையை இந்த வாரமே தொடங்கலாம். நன்றி, வணக்கம்.