பழைய தழும்பை டாக்டரிடம் சொல்லுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நெஞ்சைத் திறந்து செய்த ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தையல் பிரித்தாயிற்று, ஆளும் பழையபடி வேலைக்குப் போகிறார். பல வருடங்கள் கழித்து விடாத இருமல், சளியில் ரத்தம். எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரல் ஓரத்தில் ஓர் உருண்டை. புற்றுநோயோ என்று குடும்பமே கலங்கிப்போகிறது. மிக அரிதாக, அந்த உருண்டை ஆபரேஷனில் ரத்தம் ஒற்ற வைத்த காஸ் துணியாக இருந்துவிடுகிறது.

அவ்வளவு பெரிய துணி எப்படிக் கண்ணில் படாமல் போகும் என்று கேட்பீர்கள். ரத்தத்தில் ஊறிய காஸ் சுருண்டு சுருங்கி, பக்கத்துச் சதையின் நிறத்துக்கே வந்துவிடும். இதயத்துக்குப் பின்னாலோ, உதரவிதானத்தின் மூலையிலோ ஒதுங்கினால் தேடினாலும் எளிதில் அகப்படாது. பருத்தி உடலில் கரையவும் கரையாது. சிலருக்கு அதைச் சுற்றி உறை கட்டி, வருடக்கணக்கில் தொந்தரவில்லாமல் கிடக்கும். சிலருக்குச் சீழ் பிடிக்கும். மூச்சுக்குழாயை அரித்துத் துளைத்து, இருமும்போது நூல் இழைகள் வெளியே வந்ததும் உண்டு.

இதற்காகவே அந்தத் துணியில் பேரியம் சல்பேட் கலந்த ஓர் இழையை வைத்து நெய்கிறார்கள். எக்ஸ்ரேயில் அது முறுக்கிய வெள்ளைக் கோடாகத் தெரியும். ஆனால் நெஞ்செலும்பைக் கட்டிய கம்பிகளும் அதே படத்தில் வெள்ளையாகத்தான் இருக்கும். பழைய ஆபரேஷன் பற்றித் தெரியாத டாக்டர் அந்தக் கோட்டைச் சுண்ணாம்புப் படிவு என்று நினைத்துவிடலாம். சி.டி. ஸ்கேனிலும் சிக்கல்தான். வயிற்றில் தங்கிய துணியை அதற்குள் இருக்கும் காற்றுக் குமிழிகள் காட்டிக்கொடுக்கும். நெஞ்சில் நுரையீரல் உறை அந்தக் காற்றைப் பெரும்பாலும் உறிஞ்சிவிடும். அப்புறம் அது கட்டி போலவே தோன்றும்.

அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன்: இருபது வருடத்துக்கு முந்தைய ஆபரேஷனாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வையுங்கள். சந்தேகம் முன்னமே வந்தால் தேவையற்ற சிகிச்சைகளைத் தவிர்த்து, துணியை எடுத்துவிடலாம்.

ஆபரேஷன் தியேட்டரில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2003-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பொருள் உள்ளே தங்கிப்போன ஆபரேஷன்களில் துணிகளையும் கருவிகளையும் எண்ணிப் பார்த்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால், 88 சதவீதத்தில் கணக்கு சரி என்றே எழுதியிருந்தார்கள். அவசர ஆபரேஷனில் இந்த ஆபத்து சுமார் 9 மடங்கு. அதனால் அவசரமாகத் திறந்த நெஞ்சுக்குக் கணக்கு சரியாக வந்தாலும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. "ஒண்ணு குறையுது டாக்டர்" என்று நர்ஸ் சொன்னால், நோயாளியின் நிலை இடம் தந்தால் கையில் இருக்கும் தையல் ஊசியைக் கீழே வையுங்கள். தேடுங்கள்.