விடுதி வாசலில் ஒரு பலகை

வணக்கம் நேயர்களே. வாஷிங்டன் இர்விங் எழுதிய 'ரிப் வான் விங்கிள்' கதை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அந்த 20 வருடத் தூக்கம்தான். மலையில் யாரோ கொடுத்த மதுவைக் குடித்தான், கண்ணயர்ந்தான், எழுந்து பார்த்தால் தாடி ஒரு அடி நீளம். பள்ளி நாளில் படித்தபோது நானும் அதோடு விட்டுவிட்டேன். பல வருடம் கழித்து மறுபடி படித்தபோதுதான் ஒரு பலகை என்னைப் பிடித்து நிறுத்தியது.

கதை நடப்பது அமெரிக்காவில், ஹட்சன் ஆற்றுப் பக்கம், கேட்ஸ்கில் மலையடிவாரத்தில். டச்சுக்காரர்கள் குடியேறிய சின்ன ஊர். ரிப் மலையேறிப் போகும்போது அது இங்கிலாந்து அரசரின் ஆட்சிப் பகுதி. ஊர் விடுதி வாசலில் மூன்றாம் ஜார்ஜ் அரசரின் படம் போட்ட பலகை. அதன் அடியில் பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதில் ரிப்புக்கு அப்படி ஒரு சுகம்.

தூங்கி எழுந்து ஊருக்கு வருகிறான். பழைய விடுதியைக் காணோம், அந்த இடத்தில் வேறொரு கட்டடம். ஆனால் பலகையில் அதே சிவந்த முகம்! உற்றுப் பார்க்கிறான். சிவப்புக் கோட்டு நீலமாகியிருக்கிறது. செங்கோல் இருந்த கையில் வாள். கீழே பெரிய எழுத்தில் 'ஜெனரல் வாஷிங்டன்', அதாவது அந்த அரசரை எதிர்த்து அமெரிக்கப் படையை நடத்தியவர். முகத்தை அப்படியே விட்டுவிட்டு உடுப்பை மட்டும் மாற்றி வரைந்திருக்கிறார்கள். ரிப் தூங்கிய காலத்தில் நடந்த அமெரிக்க சுதந்திரப் போரும் அதில் பிறந்த புதிய நாடும் அந்த ஒரு பலகையில் அடங்கிவிட்டன. பீரங்கி ஒன்றுகூட வெடிக்காமல் இதை இர்விங் சொல்லிவிட்டாரே என்று இன்றைக்கும் எனக்கு வியப்புதான்.

அன்று ஊரில் தேர்தல். விவரம் தெரியாத ரிப், "நான் அரசருக்கு விசுவாசமான குடிமகன்" என்று சொல்லிவைக்க, "ஒற்றன், ஒற்றன்" என்று கூட்டம் கத்துகிறது. அப்புறம், தன்னைப் போலவே கந்தலும் சோம்பலுமாக மரத்தில் சாய்ந்து நிற்பவனைக் காட்டி, அவன்தான் ரிப் வான் விங்கிள் என்கிறார்கள். அது அவனுடைய மகன். நான் யார் என்பதே ரிப்புக்குக் குழம்பிப்போகிற அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு கனத்துவிடும்.

இன்னொன்று கவனித்தேன். அவனுடைய நாய்க்குக்கூட உல்ஃப் என்று பெயர் இருக்கிறது. மனைவிக்குக் கதை முழுக்கச் சொந்தப் பெயரே கிடையாது. பாவம், அவள் பக்கத்துக் கதையை யாரும் கேட்கவில்லை.

சரி, இதை எழுதிய வாஷிங்டன் இர்விங்குக்கு வருவோம். சுதந்திரப் போர் முடிந்த 1783-இல் பிறந்தவர். பலகையில் இருக்கிற அதே ஜெனரலின் பெயரைத்தான் பெற்றோர் அவருக்கு வைத்தார்கள். 1818-இல் குடும்ப வியாபாரம் திவாலாகி, இங்கிலாந்தில் பர்மிங்காமில் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது எழுதிய கதை இது. ஆடு மேய்ப்பவன் ஒருவன் மலையில் 20 வருடம் தூங்கிவிடும் ஜெர்மன் நாட்டுப்புறக் கதைதான் இதற்கு விதை. அதுவரை கேட்ஸ்கில் மலையில் இர்விங் கால் வைத்ததே இல்லை. சிறு வயதில் படகில் போகும்போது தூரத்தில் பார்த்ததோடு சரி. கதை 1819-இல் அச்சில் வந்தது.

1815-இல் ஊரைவிட்டுக் கிளம்பிய இர்விங் திரும்பி வந்தது 1832-இல். 17 வருடம்! இறங்கிய நியூயார்க் அவர் விட்டுப்போன ஊராக இல்லை. ஆனால் ரிப்புக்கு நடந்தது அவருக்கு நடக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடி அவருக்கு விருந்து வைத்தார்கள்.