வழக்கிழந்த வினைகள் தங்கும் இடங்கள்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

எடுத்தலைக் குறிக்கும் 'டேக்' பிறப்பால் ஆங்கிலச் சொல் அன்று. பழைய ஆங்கிலத்தில் அப்பொருளில் வழங்கிய வினை 'நிமன்'. ஜெர்மானியர் இன்றும் 'நேமென்' என்கின்றனர். 865இல் கிழக்கு இங்கிலாந்தில் இறங்கிய, ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங் படையினர் பின்னர் அங்கேயே நிலம் உழுது குடியமர்ந்தபோது, அவர்களுடைய 'டாகா' என்னும் சொல் அண்டை அயலாரின் பேச்சிலும் கலந்து, சில நூற்றாண்டுகளில் 'நிமன்' இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பழைய சொல் 'நிம்' எனக் குறுகி, திருடுதல் என்னும் பொருளுக்குத் தாழ்ந்தது. ஐந்தாம் ஹென்றி நாடகத்தில் கைநீளமுள்ள ஒரு படைவீரனுக்கு ஷேக்ஸ்பியர் வைத்த பெயரும் 'நிம்' என்பதே.

பிறகு அவ்வினை மறைந்தது. ஆயினும் பல் மருத்துவர் ஊசி போட்டதும் நம் உதடு மரத்துப்போகிறதே, அந்நிலையைச் சொல்லும் 'நம்' என்ற ஆங்கிலச் சொல் இதே வினையின் எச்சம்தான். 'பற்றிக்கொள்ளப்பட்டது' என்பது அதன் முதற்பொருள். குளிர் பற்றிய விரலை நினைத்துப் பாருங்கள், பொருள் விளங்கும். உச்சரிக்காமல் எழுதுகிறோமே, அந்தக் கடைசி 'பி' எழுத்து பின்னாளில் ஒட்டிக்கொண்டது. சுறுசுறுப்பைக் குறிக்கும் 'நிம்பிள்' என்பதும் இந்தக் குடும்பமே. சட்டென்று பற்றிக்கொள்ள வல்லது என்பது அதன் பழம்பொருள்.

போதலைக் குறிக்கும் 'கோ' என்னும் வினையின் இறந்தகாலம் 'வென்ட்' ஆனதற்கும் இத்தகைய காரணம் உண்டு. அது 'வெண்டு' என்ற வேறொரு வினையின் இறந்தகாலம். நம் 'திரும்பு', 'திருப்பு' போல, சுழல்வதைக் குறித்த ஒரு வினையின் பிறவினையாகப் பிறந்தது அது. 'கோ'வுக்கு இருந்த பழைய இறந்தகால வடிவம் வழக்கொழிய, ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டில் இந்த இரவல் வடிவம் நிலைத்துவிட்டது.

தமிழ்ச் செவிக்கு மிக நெருக்கமானது 'மீதிங்க்ஸ்' என்னும் பழஞ்சொல். 'நான் நினைக்கிறேன்' என்பதன் பழைய வடிவமாகப் பலர் இதனைக் கருதுகின்றனர், அது பிழை. பழைய ஆங்கிலத்தில் நினைத்தலுக்கு 'தென்கன்', தோன்றுதலுக்கு 'துன்கன்' என இரு வினைகள் இருந்தன; ஒலி நெருங்கி அவை ஒன்றாய்க் கலந்தபின் நினைத்தல் மட்டுமே நின்றது. தோன்றுதலைக் குறித்த வினை பிழைத்திருப்பது இந்த ஒற்றைச் சொல்லில்தான். அதிலுள்ள 'மீ' நம் நான்காம் வேற்றுமைக்கு ஈடானது. ஆகவே அதனைத் தமிழில் சொல்லச் சுற்றி வளைக்க வேண்டியதில்லை; 'எனக்குத் தோன்றுகிறது' என்பதே அதன் சொல்லுக்குச் சொல்லான பொருள்.

நன்றி, வணக்கம்.