வெள்ளம் வந்தால் பேன் குறையும், புழு வரும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒகேனக்கல்லில் மீன் வாங்குகிறவர்கள் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். சிவப்பாக இருந்தால் புது மீன், சரி, வறுக்கக் கொடுக்கலாம். நான் அந்தச் செவுளை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கச் சொல்கிறவன். செவுள் இழைகளுக்கு நடுவில், துடுப்பின் அடியில், குடலுக்குள், சில மீன்களில் காற்றுப்பைக்குள்ளும்கூட ஒட்டுண்ணிகள் இருக்கும். ஆற்று மீனில் ஒன்றுகூட இல்லாத மீன் கிடைப்பது அபூர்வம். இவற்றில் எது எந்தக் காலத்தில் கூடும், ஏன் கூடும் என்பதுதான் இன்றைய பேச்சு.

குளிர் நாடுகளில் இந்தக் கேள்விக்குச் சுலபமான பதில் உண்டு. தண்ணீர் குளிர்ந்தால் ஒட்டுண்ணிகளின் பெருக்கம் நின்றுபோகும். மீன் உடம்பில் நங்கூரம் போலத் தலையைப் புதைத்துத் தொங்கும் நங்கூரப் புழுவுக்குத் தண்ணீரின் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் பெருகவே முடியாது. நம் காவிரி மார்கழியிலும் அவ்வளவு குளிராது. அதனால் இங்கே வருஷம் முழுக்க அவற்றுக்கு வேலை நடக்கிறது. வெயிலும் குளிரும் அதன் வேகத்தைக் கொஞ்சம் கூட்டும், குறைக்கும், அவ்வளவுதான். பெரிய மாற்றங்களைத் தீர்மானிப்பது தண்ணீரின் ஏற்ற இறக்கம்.

நாகமரைப் பக்கம் போனவர்களுக்கு இது கண்ணால் பார்த்த விஷயம். மேட்டூர் அணை நிறைந்தால் அங்கே தண்ணீர் கடல் மாதிரி நிற்கும். அணை இறங்க இறங்கக் கரை விலகிப் போகும், அந்த ஈர மண்ணில் பயிரும் வைப்பார்கள். மேட்டில் மிச்சமிருப்பது பள்ளங்களும் மடுக்களும்தான். அத்தனை மீனும் அதற்குள் நெருங்கிக் கிடக்கும். மீனிலிருந்து மீனுக்கு நேராகத் தாவுகிற ஒட்டுண்ணிகளுக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. மீன் பேன், நங்கூரப் புழு, செவுளில் ஒட்டும் கண்ணுக்குத் தெரியாத தட்டைப் புழுக்கள் எல்லாம் பங்குனி, சித்திரையில் இப்படித்தான் கூடுகின்றன.

மீன் பேனை ஒரு தடவை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரை சென்டிமீட்டர் அளவில், தட்டையாக, கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். அடிப்பக்கம் இரண்டு வட்டமான உறிஞ்சிகள் இருக்கும். நகத்தால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு செதில் மேலேயே நகரும். முட்டையிட மீனை விட்டு இறங்கிக் கல்லிலோ குச்சியிலோ வரிசையாக ஒட்டிவிட்டு வரும். செவுளில் இருக்கும் தட்டைப் புழுவில் ஒரு வகை இன்னும் வினோதம். முட்டையே இடாமல் குட்டி போடும். அந்தக் குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் வயிற்றிலும் ஒரு குட்டி வளர்ந்துகொண்டிருக்கும். மீன்கள் நெருங்கிக் கிடக்கும் மடுவில் இந்த வகை எவ்வளவு வேகமாகப் பெருகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் ஆடி வருகிறது. பென்னாகரத்தில் ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும் கர்நாடகத்து மலைகளில் பெய்து, கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் நிறைந்தால், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலு வழியாக வெள்ளம் வந்துவிடும். மீன்கள் சிதறும், ஏத்து மீனாக மேலே ஏறும். ஒட்டுண்ணியின் குஞ்சுக்கு அடுத்த மீன் கைக்கெட்டாத தூரத்துக்குப் போய்விடுகிறது. பேனும் நங்கூரப் புழுவும் குறையத் தொடங்கும்.

ஆனால் மற்றொரு கூட்டத்துக்கு அப்போதுதான் தொடக்கம். மீன் உடம்பில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் பார்த்திருப்பீர்கள். அது ஒரு புழுவின் குழந்தைப் பருவம். தாய்ப்புழு இருப்பது கொக்கு, நாரை போன்ற பறவைகளின் குடலில். எச்சத்தோடு முட்டை தண்ணீரில் விழும், குஞ்சு நத்தைக்குள் புகும், அங்கே பல மடங்காகி வெளியே நீந்தி வந்து மீனின் தோலைத் துளைக்கும். மீன் அதைச் சுற்றிக் கறுப்பு நிறத்தைப் படியவைக்கிறது. அந்த மீனைக் கொக்கு விழுங்கினால் வட்டம் முடிந்தது. வெள்ளம் வடிந்து ஓரங்களில் பாசியும் நத்தையும் பெருகிய பிறகுதான் இது சூடுபிடிக்கும். குடலில் இருக்கும் உருண்டைப் புழுக்களில் பலவும் இப்படித்தான். நுண்ணிய நீர்ப்பூச்சிகளைத் தின்னும்போது மீனுக்குள் போகின்றன. நத்தை, பூச்சி, மீன், பறவை எல்லாம் இருந்தால்தான் இந்தப் புழுக்கள் பிழைக்கும். ஆகவே இவை இருக்கிற ஆறு கெட்ட ஆறு என்று நான் சொல்ல மாட்டேன். இவை அடியோடு காணாமல் போன ஆற்றைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

இதில் இன்னொன்று: தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களுக்கும் ஒரே நாள்காட்டி கிடையாது. காவிரிக்கு ஆடி என்றால், நந்தி மலையில் பிறந்து ஓசூர் வழியாக வரும் தென்பெண்ணைக்குப் புரட்டாசி, ஐப்பசிதான் பெரும்பாலும் காலம். ஆகஸ்டில் ஒகேனக்கல் கெண்டையில் பேன் குறைந்திருக்கும்போது கிருஷ்ணகிரி அணைக் கெண்டையில் நிறைய இருந்தால், அதற்காக அணை மீனைக் குறை சொல்லக்கூடாது. அதன் கோடை இன்னும் முடியவில்லை.

கல்லூரிப் பிள்ளைகள் மாதாமாதம் மீனை அறுத்து எண்ணும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோடையில் வலையில் விழுவது வளர்ந்த மீன், மழைக்குப் பிறகு விழுவது அந்த வருஷத்துக் குஞ்சு. பெரிய மீனுக்கு அதிக நாள் வாழ்ந்ததாலேயே புழு அதிகம். அளவைப் பார்க்காமல் எண்ணினால், வயதின் கணக்கைப் பருவத்தின் கணக்கு என்று எழுதிவிடுவோம். ஒரே நீளமுள்ள மீன்களை மட்டும் ஒப்பிடுங்கள். இந்தக் குறை அச்சேறிய கட்டுரைகளிலும் உண்டு.

சாப்பிடலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக. நாம் குழம்பில் கொதிக்க வைக்கிறோம், எண்ணெயில் பொரிக்கிறோம். எந்தப் புழுவும் அதில் பிழைக்காது. மீனைப் பச்சையாகத் தின்னும் தாய்லாந்து போன்ற நாடுகளில்தான் கல்லீரல் புழு மனிதருக்குப் பெரிய தொல்லை. மார்கழி, தையில் விராலில் சிவந்த புண் வருவது வேறு கதை. அது 1988-ல் இந்தியாவுக்குள் வந்த பூஞ்சை போன்ற ஓர் உயிரியின் வேலை.

கடைசியாக, ஏரியைக் குத்தகை எடுத்தவர்களுக்கு. மழைக்குப் பிறகு குஞ்சு விடும்போது வாய்க்கால் வாயில் நெருக்கமான வலை கட்டுங்கள். காட்டு மீனோடும் பேன் உள்ளே வருகிறது. தண்ணீருக்குள் அங்கங்கே மூங்கில் குச்சிகளை நட்டு வையுங்கள். பேன் வந்து அதில் முட்டையிடும். வாரத்துக்கு ஒருமுறை பிடுங்கி, வெயிலில் நன்றாகக் காயவைத்து மறுபடி நடுங்கள். மருந்துக் கடைக்குப் போகும் முன் இதைச் செய்து பாருங்கள், மூங்கிலுக்கு நம் பக்கம் பஞ்சமில்லை.

நன்றி, வணக்கம்.