பாலை சுட்டால் கடற்கரை இருட்டும்

(தென் கலிபோர்னியாவில் வாழும் தமிழர்களிடையே ஒரு மார்ச் மாத மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். "வசந்த காலத்தில் வானிலை எப்படி இருக்கும், கொஞ்சம் சொல்லுங்கள்" என்றார்கள். எந்த ஊர் வானிலை என்று நான் திருப்பிக் கேட்டேன். சான் டியாகோ கடற்கரையில் ஒருவர் ஸ்வெட்டர் போட்டு நடக்கிற அதே மதியத்தில், லகுனா மலையில் பிள்ளைகள் பனியை உருட்டி விளையாடலாம். பொரேகோ பாலைவனத்தில் இன்னொருவர் தண்ணீர் பாட்டிலோடு நிழல் தேடலாம். காரில் போனால் எல்லாம் இரண்டு மணி நேரத்துக்குள்தான்.

நான் இங்கே வந்த முதல் வருடம், மே மாதக் கடைசியில் அத்தை ஊரிலிருந்து வந்திருந்தார். ஆசையாகக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். சூரியனையே காணோம். மழையும் இல்லை, ஆனால் கார் கண்ணாடியில் மாவு சலித்த மாதிரி பொடித் துளிகள். வைப்பர் போட வேண்டியதாயிற்று. "ஏன்டா, கலிபோர்னியான்னா வெயில்னுதானே சொன்னே?" என்று சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். காரைக் கிழக்கே திருப்பினேன். காரில் வெப்பம் காட்டும் எண் ஃபாரன்ஹீட்டில் 61-இல் இருந்து ஏற ஆரம்பித்தது. முப்பது மைல் தாண்டும்போது 88. சால்வை மடியில் இருந்தது, ஏசியைக் கூட்டச் சொன்னார்.

கடற்கரையின் இந்த மூட்டத்தை இங்குள்ளவர்கள் 'மே கிரே' (மே மாதச் சாம்பல்) என்பார்கள், அடுத்த மாதமும் நீடித்தால் 'ஜூன் க்ளூம்' (ஜூன் மாத இருட்டு). காரணம் கடல். வடக்கிலிருந்து குளிர்ந்த கலிபோர்னியா நீரோட்டம் வருகிறது. கரையோரமாக வீசும் வடமேற்குக் காற்று மேல் தண்ணீரை விலக்கிவிட, அடியிலிருந்து இன்னும் குளிர்ந்த நீர் மேலே வருகிறது. வசந்தத்தில் கடல் நீர் சுமார் 60 டிகிரி ஃபாரன்ஹீட்தான். அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து ஈரமாகிவிடுகிறது. அதற்கு மேலே, பசிபிக் கடல் மேல் நிற்கும் உயர் காற்றழுத்தத்தால் கீழே அமுங்கி வரும் சூடான, உலர்ந்த காற்று. உயரப் போகப் போகக் குளிர வேண்டும், இங்கே தலைகீழ். பானைக்கு மூடி போட்ட மாதிரி, ஈரம் கீழேயே அடைபட்டு மேகமாகிறது.

அந்த மூடி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம். 500 அடியில் இருந்தால் கரையோரத்தில் மட்டும் கெட்டி மூடுபனி. 3,000 அடிக்கு ஏறினால் மேகம் மலையடிவாரம் வரை போகும், விடிகாலையில் தூறும், மதியம் ஆனாலும் விலகாது.

சரி, இந்த மேகத்தை உள்ளே இழுப்பது யார்? பாலைவனம். ஏப்ரல், மே மாதங்களில் நிலம் காயக் காய அங்கே காற்று மேலெழும்பி அழுத்தம் குறைகிறது; குளிர்ந்த கடல் காற்று அந்தப் பக்கம் ஓடுகிறது. அங்கே சுடச் சுட, இங்கே இருட்டு. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும், பாதி வானிலைச் செய்தி தானாகப் புரிந்துவிடும். அந்த ஓட்டத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? பாம் ஸ்பிரிங்ஸ் போகும் வழியில் சான் கொர்கோனியோ கணவாய். வடக்கே 11,503 அடிச் சிகரம், தெற்கே 10,834 அடி சான் ஹசின்டோ, நடுவே இடுக்கு. காற்றாலைகள் அங்கே வரிசை கட்டி நிற்பது சும்மா இல்லை. வசந்தத்தில் மணல் பறக்கிற நாளில் கார் பெயின்ட் போய்விடும்.

நம் தமிழ் மரபில் பாலைக்குத் தனி நிலம் இல்லை; குறிஞ்சியும் முல்லையும் வறண்டால் பாலை. இங்கே பாலைக்குத் தனி நிலம் உண்டு, அதை உண்டாக்கியதே குறிஞ்சிதான். மேற்கிலிருந்து ஏறும் காற்று ஈரத்தை மலையிலேயே இறக்கி வைத்துவிட்டு, மறுபக்கம் இறங்கும்போது அமுங்கிச் சூடாகிறது. மழை மறைவுப் பிரதேசம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான். பாம் ஸ்பிரிங்ஸில் 1963 முதல் ஓடும் கேபிள் கார் பத்து நிமிடத்தில் 2,643 அடியிலிருந்து 8,516 அடிக்கு ஏற்றிவிடும். அரைக்கால் சட்டையோடு ஏறியவர்கள் மேலே கதவு திறந்ததும் கையைக் கட்டிக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன்.

இனி முன்னறிவிப்பு. அமெரிக்க அரசின் காலநிலைக் கணிப்பு மையம் மாதத்தின் மூன்றாவது வியாழனன்று பருவக் கணிப்பை வெளியிடுகிறது. இயல்பைவிட அதிகம், இயல்பு, இயல்பைவிடக் குறைவு என்று மும்முனைப் போட்டி. தேர்தலில் 40 சதவீதம் வாங்கினால் ஜெயித்துவிடலாம். இங்கே 40 என்றால் பத்தில் ஆறு முறை வேறு ஏதோ நடக்கும். 2015-16 எல் நினோ, அதாவது பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதி நீர் இயல்பைவிடச் சூடாவது, வெகு பலமானது. மழை கொட்டும் என்றார்கள், தெற்கே ஏமாற்றம்தான். 2022-23-இல் அதற்கு நேர்மாறான லா நினா, நீர் குளிர்ந்தது, வறட்சி என்றார்கள். சான் பெர்னார்டினோ மலையூர்களில் பனியில் மாட்டிக்கொண்டு பலர் நாட்கணக்கில் வெளியே வர முடியவில்லை. கணிப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. சதவீதத்தைச் சத்தியமாக எடுத்துக்கொள்வது நம் தப்பு.

வடக்கே சியரா நெவாடாவின் பனிப்படிவை ஏப்ரல் தொடக்கத்தில் அளப்பார்கள். 2015-இல் அது சராசரியில் 5 சதவீதம். ஆளுநர் வெறும் புல்தரையில் நின்று தண்ணீர்க் கட்டுப்பாட்டை அறிவித்தார். 2023-இல் 237 சதவீதம். பனி அதிகமான வருடத்தில் மே மாத ஆறுகளை நம்பாதீர்கள். வெயில் இதமாக இருக்கும், தண்ணீர் உருகிய பனி. பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கம் கெர்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வாயிலில் ஒரு பலகை இருக்கிறது. 1968 முதல் அந்த ஆற்றில் உயிர்விட்டோர் எண்ணிக்கை. அந்த எண்ணிக்கையை மட்டும் மாற்றிக்கொண்டே வருகிறார்கள்.

பூ பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆன்சா-பொரேகோ பாலைவனத்தில் 2017, 2019 போலப் பூத்துக் குலுங்க, குளிர்காலத்தில் மழை விட்டு விட்டுப் பெய்திருக்க வேண்டும். மார்ச்சில் சூடான காற்று ஒரு வாரம் அடித்தால் எல்லாம் கருகிவிடும். அதனால் சனிக்கிழமைக்குத் திட்டம் போடாதீர்கள், பூத்துவிட்டது என்று சேதி வந்ததும் கிளம்புங்கள்.

முன்வரிசையில் அம்மா ஒருவர் கேட்டார்: "சம்பந்தி வீட்டார் மே மாதம் வர்றாங்க, டிக்கெட் போடலாமா?" போடுங்கள் அம்மா. காலையில் மலைக்குக் கூட்டிப் போங்கள், மேகத்தைக் கீழே வெள்ளைக் கடலாகப் பார்க்கலாம். கடற்கரையை மூன்று மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். காரில் இரண்டு சால்வை போட்டு வையுங்கள்.