ஆழ்கடல் தரை புறம்போக்கு அல்ல

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஆழ்கடல் தரையிலிருந்து அள்ளிவந்த நோடியூல் என்ற கனிம உருண்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் கருத்த உருளைக்கிழங்கு போல இருக்கும். இரண்டாக அறுத்தால், வெங்காயத்தை வெட்டியது போல வளையம் வளையமாகத் தெரியும். நடுவில் சில சமயம் ஒரு சுறாப் பல் இருக்கும். அந்தப் பல்லைச் சுற்றி மாங்கனீசும் இரும்பும் படிந்து படிந்து இந்த உருண்டை உருவாகியிருக்கிறது. பத்து லட்சம் ஆண்டுகளில் அது வளர்வது சில மில்லிமீட்டர்தான். மத்திய இந்தியப் பெருங்கடலில் கிடைப்பதில் மாங்கனீசு ஏறத்தாழ 24 விழுக்காடு, நிக்கலும் செம்பும் தலா 1 விழுக்காட்டை ஒட்டி, கோபால்ட் இன்னும் கொஞ்சமாக இருக்கிறது. 1981 ஜனவரி 26 அன்று 'கவேஷணி' ஆய்வுக் கப்பல் இதை இந்தியாவுக்காக முதன்முதலில் மேலே கொண்டுவந்தது. இன்று அங்கே இந்தியாவுக்கு 75,000 சதுர கிலோமீட்டரில் ஆய்வுரிமை உண்டு. அந்தப் பரப்பில் 38 கோடி டன் நோடியூல் கிடப்பதாக அரசு மதிப்பிட்டிருக்கிறது.

அந்தத் தரை யாருடையது?

ஊரில் ஆள் கவனிக்காத புறம்போக்கு நிலம் இருந்தால் முந்தியவர் வேலி போட்டுவிடுவார். கண்மாய் அப்படியல்ல. மீன் குத்தகைக்கு ஏலம் உண்டு, பணம் ஊர்ப் பொதுவுக்கு வரும், கரை உடைந்தால் யார் பொறுப்பு என்பதற்கும் கணக்கு உண்டு. 1967 நவம்பர் 1 அன்று ஐ.நா.வில் மால்டாவின் தூதர் ஆர்விட் பார்டோ கேட்டது இதைத்தான். எந்த நாட்டின் எல்லைக்கும் அப்பால் உள்ள கடல் தரையைப் புறம்போக்காக விட்டுவிடாதீர்கள், மனிதகுலத்தின் பொதுச் சொத்தாக நடத்துங்கள் என்றார். 1970-இல் பொதுச்சபை அதைத் தீர்மானமாக்கியது. 1982-இல் ஜமைக்காவின் மான்டெகோ பேயில் கையெழுத்தான கடல் சட்ட ஒப்பந்தம் அதைச் சட்டமாக்கியது. தொழில்வள நாடுகள் கேட்ட திருத்தங்களை 1994 உடன்பாடு சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தரையை நிர்வகிக்கும் சர்வதேசக் கடலடி ஆணையம் கிங்ஸ்டனில் இருக்கிறது.

பொதுச் சொத்து என்ற சொல்லை மேடையில் சொல்வது எளிது. அதைக் காப்பாற்றுவதும் கைவிடுவதும் சின்னச் சின்ன விதிகள்தான். ஆகவே அந்த விதிகளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

முதலாவது பங்கு விதி. அண்ணன் தம்பி சொத்துப் பிரிக்கும்போது மூத்தவர் பங்கு வைக்க, இளையவர் எடுப்பது நம் பக்கத்து வழக்கம். ஒப்பந்தத்திலும் அதே முறைதான். வளர்ந்த நாட்டு நிறுவனம் நோடியூலுக்கு விண்ணப்பித்தால், இரண்டு சுரங்கங்களுக்குப் போதுமான பரப்பை ஆய்ந்து, சம மதிப்புள்ள இரண்டு பாதியாகப் பிரித்து, தரவுகளோடு ஒப்படைக்க வேண்டும். எந்தப் பாதியை ஒதுக்கி வைப்பது என்று ஆணையம்தான் தேர்ந்தெடுக்கும். அந்தப் பாதி வளரும் நாடுகளுக்கு. விண்ணப்பக் கட்டணம் 5 லட்சம் டாலர், ஒப்பந்தக் காலம் 15 ஆண்டுகள். முதலில் 1,50,000 சதுர கிலோமீட்டர் வரை எடுத்துக்கொண்டு, பிறகு பாதியைத் திருப்பித் தர வேண்டும். இந்தியாவும் 1987-இல் 1,50,000 பெற்று, பாதியை விட்டுக்கொடுத்தபின்தான் 2002 மார்ச்சில் ஆணையத்தோடு ஒப்பந்தம் செய்தது.

அருமையான ஏற்பாடு. ஆனால் இளையவருடைய பங்கு இப்போது எங்கே போகிறது என்று பாருங்கள். ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் இடையில் கிளாரியன்-கிளிப்பர்டன் பகுதியில் ஒதுக்கி வைத்த பரப்பில் ஒரு துண்டு, நவ்ரு பொறுப்புறுதி தந்த, அதாவது பொறுப்பேற்று நிற்கும், ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. நவ்ரு 21 சதுர கிலோமீட்டர் தீவு, மக்கள்தொகை ஏறத்தாழ 12,000. பாஸ்பேட் தோண்டி உள்நிலமே பாழான நாடு. பொறுப்புறுதி அதனுடையது, நிறுவனத்தின் உரிமையாளர் ஒரு கனடா கம்பெனி. ஏழை நாட்டுக்கு ஒதுக்கியது ஏழை நாட்டின் பெயரில் மட்டும் இருந்தால் பங்கு விதி பொருளிழந்து போகும். உண்மையான கட்டுப்பாடு யார் கையில் என்பதற்குத் திட்டவட்டமான வரையறை வேண்டும்.

இரண்டாவது வாக்கு விதி. பலர் படிக்காமல் தாண்டிப்போகும் பத்தி இது; என் கணிப்பில் மொத்த ஏற்பாட்டிலேயே பலவீனமான இடமும் இதுதான். ஆணையத்தின் கவுன்சிலில் 36 நாடுகள். கனிமம் வாங்குவோரில் 4, முதலீட்டாளரில் 4, ஏற்றுமதியாளரில் 4, தனி நலன் உள்ள வளரும் நாடுகள் 6, மண்டலவாரியாக 18. சட்ட-தொழில்நுட்பக் குழு ஒரு பணித்திட்டத்தைப் பரிந்துரைத்துவிட்டால், கவுன்சில் அதை நிராகரிக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அதோடு முதல் மூன்று பிரிவுகளுக்குள்ளும், கடைசி இரண்டிலும் உள்ள வளரும் நாடுகள் சேர்ந்த பிரிவுக்குள்ளும் தனித்தனியாகப் பெரும்பான்மை வேண்டும். 4 பேர் பிரிவில் 2 பேர் நிராகரிப்பை எதிர்த்தாலே போதும், திட்டம் நிலைத்துவிடும். வழக்கமான 60 நாள் கெடுவுக்குள் முடிவெடுக்காவிட்டால் ஒப்புதல் கொடுத்ததாகவே பொருள். மௌனம் சம்மதம் என்ற வழக்கை ஒரு பெருங்கடலின் தலையில் கட்டியிருக்கிறார்கள். அந்தக் குழுவின் விவாதங்கள் பெரும்பாலும் மூடிய கதவுக்குள் நடப்பது கவலையைக் கூட்டுகிறது.

இதோடு இரண்டாண்டு விதியையும் சேர்த்துப் படியுங்கள். சுரங்க விதிகள் தயாராகாத நிலையில் ஒரு நாடு விண்ணப்பிக்கப் போவதாக அறிவித்தால், இரண்டு ஆண்டில் விதிகளை முடிக்க வேண்டும். முடியாவிட்டாலும் விண்ணப்பத்தைப் பரிசீலித்துத் தற்காலிக ஒப்புதல் தர வேண்டும் என்கிறது 1994 உடன்பாடு. 2021 ஜூனில் நவ்ரு அறிவித்தது. 2023 ஜூலையில் கெடு முடிந்தது, விதிகள் முடியவில்லை. விதிகள் இல்லாமல் வணிகச் சுரங்கம் நடக்கக்கூடாது என்பது கவுன்சிலின் நிலை. நல்ல நிலைதான், ஆனால் அது உடன்பாட்டில் எழுதிய வாசகம் ஆகாது.

விதிகளை ஏன் அவசரப்பட்டு முடிக்கக்கூடாது? தோண்டும் முறையைப் பார்த்தால் தெரியும். சங்கிலிச் சக்கர வண்டி ஒன்று கடல் தரையில் ஊர்ந்து, நீரைப் பீய்ச்சி, நோடியூலை மேல்மண்ணோடு வாரும். குழாய் வழியே கப்பலுக்கு ஏறும். அங்கே உருண்டையைப் பிரித்துக்கொண்டு சேற்றுநீரைத் திரும்பக் கடலுக்குள் விடுவார்கள். 2022-இல் பசிபிக்கில் நடந்த சோதனையில் 4 கிலோமீட்டருக்கும் நீளமான குழாயில் 3,000 டன்னுக்கு மேல் ஏறியது. ஆக, சேற்றுப் புகை இரண்டு இடத்தில் கிளம்பும், ஒன்று அடியில், மற்றொன்று நடுநீரில். அடியில் இன்னொரு கேடும் உண்டு. கடற்பஞ்சும் பவளமும் ஒட்டி வாழ அங்கே இருக்கும் கெட்டித்தரை இந்த உருண்டைதான். அதை எடுத்துவிட்டால் அவற்றுக்கு இடம் திரும்ப வராது. 1989-இல் பெரு கடற்படுகையில் விஞ்ஞானிகள் ஏர் போன்ற கருவியை 78 முறை இழுத்துப் பார்த்தார்கள். 26 ஆண்டு கழித்துப் போனபோதும் உழவுசால் அப்படியே கிடந்தது.

அதனால் விதிப்புத்தகத்தில் எண்கள் இருக்க வேண்டும். நீரில் கலங்கல் எத்தனை மில்லிகிராம் தாண்டினால் வேலையை நிறுத்துவது, ஒப்பிடுவதற்கான அடிப்படை அளவீடு எத்தனை ஆண்டுக்கு இருக்க வேண்டும், அளப்பது யார் என்பதெல்லாம் எண்ணில் வர வேண்டும். 'கடுமையான பாதிப்பு' என்று பொதுவாக எழுதி வைத்தால் அளக்கும் ஆய்வாளருக்குப் பிடி கிடைக்காது.

இழப்புக்கு யார் கொடுப்பது? 2011 பிப்ரவரி 1 அன்று கடல் சட்டத் தீர்ப்பாயத்தின் கடலடிப் பிரிவு இதற்குத் தெளிவான கருத்துரை தந்தது. பொறுப்புறுதி தரும் நாடு சட்டமும் கண்காணிப்பும் ஏற்படுத்த வேண்டும், நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டால் மட்டும் போதாது. பணக்கார நாட்டுக்கும் ஏழை நாட்டுக்கும் ஒரே அளவுகோல். ஆனால் நாடு தன் கடமையைச் சரிவரச் செய்தும் நிறுவனம் திவாலாகிப் போனால் இழப்பு யார் தலையிலும் விழாது. அந்த ஓட்டையை அடைக்க ஒரு பொறுப்பு நிதி அமைக்கலாம் என்று தீர்ப்பாயமே சுட்டிக்காட்டியது. அதைச் சுரங்கத்துக்கு முன்பே நிரப்பியாக வேண்டும்.

இப்போது வெளியிலிருந்து ஓர் அழுத்தம். அமெரிக்கா ஒப்பந்தத்தில் சேரவில்லை. 2025 ஏப்ரல் 24 அன்று அதன் குடியரசுத் தலைவர் உத்தரவிட்டு, தன் 1980 சட்டத்தின் கீழ் சர்வதேசக் கடல் தரைக்கு உரிமம் வழங்க வழி திறந்தார். அந்தச் சட்டமோ, கடல் சட்ட ஒப்பந்தம் வரும்வரை இடைக்கால ஏற்பாடு என்று தன்னையே அறிமுகப்படுத்திக்கொண்ட சட்டம். மற்ற நாடுகள் கப்பலைத் தடுக்கப் போவதில்லை, தடுக்கவும் வேண்டாம். ஒப்பந்தத்துக்கு வெளியே எடுத்த கனிமத்தின் மீது எவருக்கும் உரிமையை ஏற்கக்கூடாது என்று 137-ஆம் பிரிவு சொல்கிறது. அதைச் சுங்கச் சாவடியிலும் உருக்காலை வாசலிலும் அமல்படுத்தலாம். எந்தப் பரப்பிலிருந்து, எந்த ஒப்பந்த எண்ணின் கீழ் எடுத்தது என்ற சான்று இல்லாத சரக்கை இறக்க விடாமல் இருப்பது உறுப்பு நாடுகளின் கையில்தான் இருக்கிறது.

கடைசியாக நம் வீட்டுக்குப் பக்கத்து விஷயம். இலங்கைக்குத் தெற்கே அஃபனாசி நிகிதின் என்ற கடலடி மலை, கோபால்ட் மேலோடு பொதிந்தது. 2024 ஜனவரியில் இந்தியா இரண்டு விண்ணப்பங்கள் கொடுத்தது. கார்ல்ஸ்பெர்க் என்ற கடலடி முகட்டில் சல்ஃபைடு கனிம ஆய்வுக்கானது 2025 செப்டம்பரில் ஒப்பந்தமாகிவிட்டது. இந்த மலைக்கானது நின்றுவிட்டது. காரணம், 2009-லேயே இலங்கை தன் கண்டத்திட்டின், அதாவது கடலுக்கடியில் தொடரும் தன் நிலப்பரப்பின், நீட்சி என்று ஐ.நா.வின் எல்லை ஆணைக்குழுவிடம் கோரிக்கை வைத்த பரப்புக்குள் இது வருகிறது. இலங்கைக்குச் சேர்ந்தால் கடலடி ஆணையத்துக்கு அங்கே அதிகாரமே இல்லை. சேராவிட்டால் அது எல்லாருக்கும் பொது. இரண்டில் எது என்று தெரியும்முன் ஆணையம் ஒப்பந்தம் கொடுத்தால், அண்டை வீட்டுப் பத்திரத்தின் மேல் பட்டா கொடுத்தது போலாகும்.

இங்கே இரண்டு நாடும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கோரிக்கை முடியும்வரை எவர் உரிமைக்கும் பாதகமில்லாமல், இரு நாட்டு ஆய்வாளர்களும் ஒரே கப்பலில் போய் மலையின் உயிரினங்களையும் நீரோட்டத்தையும் அளந்து வைக்கலாம். சென்னைப் பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அதன் 'வராகா' வண்டி 2021-இல் 5,270 மீட்டர் ஆழத்தில் ஓடிக் காட்டியது. ஆணைக்குழுவின் முடிவு எந்தப் பக்கம் விழுந்தாலும் அந்த அளவீடு இருவருக்கும் தேவைப்படும்.